தனி ஆவர்த்தனமும் பிரியாணிக் கடையும்

ஆயக்குடிக்காரர்கள் சனிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு வெளியே கிளம்பினால் போக இரண்டு பக்கம் உண்டு. மேற்கே பழனி, பஸ் ஏறிக் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். கிழக்கே சத்திரப்பட்டி, ஒட்டன்சத்திரம், அதையும் தாண்டித் திண்டுக்கல். பழனிக்குப் போகிறவர்கள் மலையேறிச் சாமி கும்பிட்டுவிட்டு அடிவாரத்தில் டிபன் சாப்பிட்டுத் திரும்புவார்கள். திண்டுக்கல்லுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் பிரியாணிக்காகவே போகிறார்கள். துணிக்கடை, ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று வேறு காரணம் சொன்னாலும் மத்தியானம் எந்தக் கடையில் சாப்பிடுவது என்பது கிளம்பும்போதே முடிவாகியிருக்கும்.

ஆயக்குடியில் கொய்யா விற்கிறவர்களுக்கு மட்டும் இந்த வாரக் கடைசி ஓய்வு கிடையாது. சனி, ஞாயிறில்தான் பழனிக்கு வரும் கார்கள் ரோட்டோரம் நிற்கும், கூடைகள் காலியாகும். விடியற்காலையில் பறித்த காயைச் சந்தையில் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கூடையில் அடுக்கிக்கொண்டு பொழுதுசாயும்வரை உட்கார்ந்திருக்கும் பெண்களை இந்த ரோட்டில் போகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். அடுத்தவர்களின் ஓய்வுநாள்தான் அவர்களுக்கு வேலைநாள். இந்தக் கட்டுரையில் வரப்போகும் மேளக்காரர்களுக்கும் அதே நிலைமைதான்.

என் சிறு வயதில் ஓட்டலில் சாப்பிடுவது பெருமையாக இருந்ததில்லை. கோர்ட்டுக்குப் போனவர், ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்தவர், வெளியூர்ப் பயணம் போகிறவர் சாப்பிட்டார்கள். உள்ளூரிலேயே ஒருவர் ஓட்டலில் உட்கார்ந்திருந்தால், வீட்டில் ஆக்கிப்போட ஆளில்லையா என்று கேட்பார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியார், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு வீடே எழுந்துவந்து ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. இதை நுகர்வு வெறி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாரத்தில் ஒரு வேளை அடுப்படியை விட்டு வெளியே வந்து, அடுத்தவர் பரிமாற, இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிடும் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. ஆறு நாள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிட்டவள் அவள்.

இப்படி எல்லோரும் சேர்ந்து உட்காரும் மேசை தானாக வந்துவிடவில்லை. ரயில்வே சிற்றுண்டி நிலையங்களில் பிராமணருக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடம் இருந்து, போராட்டங்களுக்குப் பிறகு 1941இல்தான் அது ஒழிந்தது. சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச்சொல்லி 1957இல் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். அதே 1957இல்தான் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலைத் தொடங்கினார். அவர் கட்டியிருந்த தலைப்பாகையே பிற்பாடு கடையின் பெயராகி, கடல்கடந்தும் போயிற்று. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஒன்றுமில்லை. ஆனாலும் இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து நினைப்பது எனக்குப் பிடிக்கும். காசு கொடுத்தால் யாரும் உட்காரலாம், பக்கத்தில் இருப்பவர் யார் என்று கேட்கக்கூடாது என்ற வழக்கம் நம் ஊர்களில் வேர்பிடித்த காலம் அது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் இதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திண்டுக்கல் பிரியாணிக்குச் சீரகசம்பா அரிசிதான். பாசுமதிபோல நீண்டு தனித்தனியாக நிற்காது. சின்ன மணி, மசாலாவையும் கறியின் சாற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கறித்துண்டும் சிறிது. தயிரின் புளிப்பு முன்னால் தெரியும், மிளகின் காரம் பின்னால் வரும். தம் உடைக்கிற நேரத்தில் கடைக்குள் இருந்தால் ஒன்றைக் கவனிக்கலாம். மூடியின் மேலிருக்கும் நெருப்புக் கங்குகளை ஒதுக்கிவிட்டு மாஸ்டர் மூடியை ஒரு பக்கமாகத் தூக்குவார், ஆவி அந்தப் பக்கமாக வெளியேறும். அதுவரை பேசிக்கொண்டிருந்த மேசைகளில் ஒரு நொடி பேச்சு நிற்கும், தலைகள் திரும்பும். கரண்டியைச் செங்குத்தாக இறக்கி, அடிவரை போய், சோறு உடையாமல் ஒரு பக்கமாக எடுத்துத் தட்டில் போடுவார். அந்தக் கைக்கு மரியாதை இருக்கிறது. இந்தக் கடை மாஸ்டர் அந்தக் கடைக்குப் போய்விட்டார் என்பது ஊரில் செய்தியாகிறது. வெளியே அரை மணி, முக்கால் மணி டோக்கனோடு நிற்கிறவர்கள் யாரும் நேரம் வீணாகிறது என்று நினைப்பதில்லை.

இந்தப் பொறுமை, இந்தத் திரும்பிப் பார்த்தல், கைப்பக்குவத்துக்குக் கொடுக்கும் இந்த மரியாதை நேரில் வாசிக்கும் இசைக்கு நம் ஊர்ப்பக்கம் கிடைக்கிறதா என்பதுதான் எனக்கு நெடுநாளாக இருக்கும் கேள்வி.

இசைக்கு இங்கே பஞ்சமில்லை. பழனியைச் சுற்றி ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு மேளம் கேட்டுக்கொண்டேயிருக்கும். மலைக்கோயிலில் காலம் தவறாமல் நாதஸ்வரமும் தவிலும் உண்டு. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடிகளோடு பம்பை வரும், உறுமி வரும், நையாண்டி மேளம் வரும், உடுமலைப் பக்கத்திலிருந்து ஜமாப் வரும். ராஜகம்பளத்தார் வீட்டு விசேஷம் என்றால் உறுமிக்குத் தேவராட்டம் ஆடுவார்கள். எடப்பாடியிலிருந்து வரும் பர்வதராஜகுலத்தார் தைப்பூசம் முடிந்த கையோடு வந்து, மலைமேல் தாங்களே பஞ்சாமிர்தம் செய்து, இரவு மலையில் தங்கும் உரிமையோடு பாடி ஆடி இறங்குவார்கள். சாப்பாடும் பாட்டும் பிரியாமல் இருக்கும் இரவு அது. எனக்குத் தெரிந்து இந்தப் பகுதியில் அதற்கு இணையான இன்னொரு இரவு இல்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இசை எல்லாமே வேறொன்றுக்காக வாசிக்கப்படுவது. சாமி புறப்பாட்டுக்கு, காவடிக்கு, கல்யாணத்துக்கு, சீருக்கு, சாவுக்கு. இதில் குறையொன்றும் இல்லை, இசை வாழ்க்கையோடு ஒட்டியிருப்பது நல்லதுதான். குறை நம்மிடம் இருக்கிறது. எதற்காக மேளம் வைத்தோமோ அது நடந்தால் போதும், மேளத்தைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை என்று பழகிவிட்டோம். சனிக்கிழமை சாயங்காலம் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டால் சாப்பிட என்று சொல்லும் ஆள் ஆயிரம் பேர் உண்டு. நாதஸ்வரம் கேட்க என்று சொல்லும் ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். எந்த ஊர் மண்டபம் என்றாலும் காட்சி ஒன்றுதான். மணமேடைக்குப் பக்கவாட்டில், பெரும்பாலும் ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்கு அருகில், மேளக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தவில்காரர் வலக்கை விரல்களில் கூடு மாட்டிக்கொள்வதை ஒருமுறை பக்கத்திலிருந்து பாருங்கள். துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்துச் செய்த தொப்பிகள் அவை, கல்லைப்போல இறுகியிருக்கும். ஒவ்வொன்றும் அந்தந்த விரலின் அளவுக்குச் செய்தது, ஒன்றின் கூடு இன்னொன்றில் ஏறாது. இடக்கையில் கழி. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து நனைத்துப் பதம் பார்ப்பார். குழலிலிருந்து தொங்கும் நூலில் மாற்றுச் சீவாளிகள் ஆடிக்கொண்டிருக்கும், ஒன்று சண்டித்தனம் செய்தால் உடனே அடுத்ததை மாட்டுவதற்காக. ஆச்சா மரத்தில் கடைந்த அந்தக் குழலுக்கு மூச்சுதான் எல்லாம். பாதி சுரங்கள் விரலில் இருக்கின்றன, மீதி உதட்டில் இருக்கின்றன. இத்தனை நுட்பத்தையும் கையில் வைத்துக்கொண்டிருப்பவரின் கண் எங்கே இருக்கிறது? புரோகிதரின் கையில். அவர் விரலை உயர்த்தியதும் எடுத்த ராகத்தை எந்த இடத்தில் இருந்தாலும் அறுத்துவிட்டுக் கெட்டிமேளத்துக்குத் தாவ வேண்டும். அதுவரை அவர் விரித்துக்கொண்டிருந்த தோடி அங்கேயே நின்றுபோகும். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் யாராவது உண்டா என்று திரும்பிப் பார்த்தால் முன்வரிசையில் போன் வெளிச்சம்தான் தெரிகிறது. கூட்டம் கீழே பந்தியில் இருக்கிறது.

பந்தி என்றதும் இன்னொன்று. தாலி கட்டி முடிந்து, சம்பந்திகள், சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், போட்டோக்காரர் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, நலங்கும் முடிந்து, கடைசிப் பந்தியில்தான் மேளக்காரர்கள் உட்காருகிறார்கள். பாயசம் தீர்ந்திருக்கும், வடை இருந்தால் உண்டு. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. விருந்தில் அவர்களைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பு வருவதில்லை, அவ்வளவுதான். எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. அவமதிக்க நினைத்துச் செய்ததைத் தட்டிக் கேட்கலாம். நினைப்பே வராமல் செய்ததை எங்கே போய்க் கேட்பது?

ஒரு காலத்தில் நாதஸ்வரக்காரர்கள் பெரிய மனிதர்களின் முன்னால் உட்காரக்கூட முடியாது. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) மேடை போட்டு உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றார். கிராப் வைத்துக்கொண்டார், கோட்டு போட்டார். அது ஆடம்பரம், திமிர் என்றெல்லாம் பேசியவர்கள் உண்டு. நான் அதைத் திமிராகப் பார்க்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் சமமாக உட்கார வேண்டும் என்று தெருவில் நின்று போராடியவர்கள் கேட்டதும், வாசிக்கிறவன் உட்கார வேண்டும் என்று அவர் கேட்டதும் ஒரே கோரிக்கையின் இரண்டு முகங்கள். அவர் உட்கார்ந்தார். எதிரே உட்கார்ந்து கேட்கிறவர்களைச் சேர்ப்பதுதான் நம் வேலையாக இருந்தது, அதைச் செய்யவில்லை.

உட்காரும் இடத்தைப் பற்றிப் பேசும்போது பழனி ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. மிருதங்கம் பழனி சுப்பிரமணிய பிள்ளை. 1908இல் பிறந்து 1962இல் மறைந்தவர். தந்தை முத்தையா பிள்ளை, கஞ்சிராவைக் கச்சேரி வாத்தியமாக்கிய புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் சீடர். மகன் இடக்கைக்காரர். நம் வீடுகளில் இடக்கைப் பிள்ளைகளின் கையைத் தட்டி வலக்கைக்கு மாற்றிய காலம் அது. வழக்கமாக வலக்கையால் வாசிக்கும் வலந்தலையை அவர் இடக்கையாலேயே வாசித்தார்.

அதனால் வந்த சிக்கல் மேடையில். கச்சேரியில் பாடகருக்கு ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்திருக்க வேண்டும், அப்போதுதான் சொற்கட்டு தெளிவாக விழும். இடக்கைக்காரர் வழக்கமான பக்கத்தில் உட்கார்ந்தால் வலந்தலை சபைக்கு முதுகைக் காட்டும். அவர் பக்கம் மாற வேண்டும் என்றால் வயலின்காரர் எழுந்து அந்தப் பக்கம் போக வேண்டும், போனால் வயலினின் ஒலி சபையை விட்டுத் திரும்பிவிடும் என்ற மனக்குறை அவர்களுக்கு. ஒத்துக்கொள்ளாதவர்கள் இருந்தார்கள். இத்தனை கணக்கும் கையும் இருந்தும் வாய்ப்பு வராமல் இருந்த அந்த இளைஞருக்குச் செம்பை வைத்தியநாத பாகவதர் துணை நின்றார். பக்கம் மாற்றி உட்காரவைத்துத் தன் கச்சேரிகளில் வாசிக்கவைத்தார். பிறகு நடந்தது கர்நாடக இசை வரலாற்றில் இருக்கிறது. பழனி பாணி என்று ஒன்று உருவாயிற்று. மிருதங்கத்தின் மறுபக்கமான தொப்பியில் அவர் எழுப்பிய கும்கி நாதத்தைக் கேட்டவர்கள் அதைப் பற்றிக் கடைசிவரை பேசினார்கள். இன்று உலகம் அறிந்த திருச்சி சங்கரன் அவரிடம் குருகுலமாகப் படித்தவர்.

செம்பை செய்தது மேடையில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை மாற்றியதுதான். பார்க்க அவ்வளவு சின்னக் காரியம். அது நடக்காமல் போயிருந்தால் அந்த வாசிப்பே நமக்கு இல்லாமல் போயிருக்கலாம்.

சுப்பிரமணிய பிள்ளை வாசித்த தனி ஆவர்த்தனத்தை, கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதியை, நினைக்கும்போது சென்னை சபாக்கள் நினைவுக்கு வருகின்றன. வெளியே போய்ச் சாப்பிடுவதும் நேரில் கச்சேரி கேட்பதும் ஒரே கூரைக்குள் நடக்கும் இடம் நமக்கு உண்டென்றால் அது மார்கழிச் சபாதான். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது, டிசம்பர் சீசன் வளர்ந்தது, கூடவே கேன்டீனும் வளர்ந்தது. மவுண்ட்பேட்டன் மணி ஐயர், அறுசுவை நடராஜன் என்று சமையல்காரர்களின் பெயர்கள் வித்வான்களின் பெயர்களுக்கு இணையாக நினைவில் நிற்கின்றன. அதில் தப்பில்லை. நல்ல கச்சேரிக்குப் பிறகு நல்ல டிபன் மனத்துக்கு இதமானது.

ஆனால் கேன்டீனுக்கு எப்போது எழுந்து போகிறார்கள்? பாடகர் பாடி முடித்துக் கையைக் காட்டி, மிருதங்கக்காரர் தனியை எடுத்த உடனே. அதுவரை இரண்டு மணி நேரம் பாடகருக்குப் பின்னால் நடந்து, பாட்டைத் தூக்கிப்பிடித்து, தான் முன்னால் வராமல் இருந்த மனிதர் அவர். இப்போதுதான் அவருக்கென்று கால்மணி நேரம் கிடைக்கிறது. சதுஸ்ரத்தில் தொடங்கி, திஸ்ரம், கண்டம் என்று நடையை மாற்றி, கஞ்சிராவோ கடமோ கூட இருந்தால் அவருக்கு விட்டுக்கொடுத்து, அவர் வாசித்ததை வாங்கித் திரும்ப வாசித்து, இடைவெளியைக் குறுக்கிக் குறுக்கி, மோராவுக்கு வந்து, கோர்வையை மூன்றுமுறை வைத்து, பாடகர் விட்ட இடத்தில் சரியாகக் கொண்டுவந்து இறக்குவார். அந்த நேரம் முழுவதும் நாற்காலிகள் மடங்கும் சத்தம். மேடையில் இருப்பவருக்கு முதுகுகள் தெரியும். உலகத்தில் எந்த ஊர் தாளத்துக்கும் ஈடுகொடுக்கும் கணக்கு அது என்று நாமே பெருமை பேசுகிறோம், பேசிக்கொண்டே காபிக்கு வரிசையில் நிற்கிறோம். ஆயக்குடி மண்டபத்தில் தவிலுக்கு நடப்பதும் மயிலாப்பூரில் மிருதங்கத்துக்கு நடப்பதும் ஒன்றுதான். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இதில் இல்லை.

நாதஸ்வரத்துக்குச் சபாக்களிலும் பெரும்பாலும் மங்கள இசை என்ற வேலைதான். விழா தொடங்கும்போது, ஆட்கள் உள்ளே வந்து இடம் தேடிக்கொண்டிருக்கும்போது வாசிக்கவைக்கிறார்கள். நாதஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானா 1998இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி வாங்கினார். இந்தக் குழலின் பெருமையைச் சொல்ல அந்த ஒரு பெயர் போதும். பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் கிடைத்தது. பஞ்சாமிர்த டப்பா இல்லாமல் யாரும் பழனியிலிருந்து வீடு திரும்புவதில்லை. குழலைக் கேட்க நின்றவர்கள் குறைவு.

எல்லாம் தேய்ந்துபோயிற்று என்று புலம்புவதற்காக எழுதவில்லை. வளர்கிறதும் இருக்கிறது. கொங்குப் பக்கம் வள்ளி கும்மி சில ஆண்டுகளாக எழுந்து நிற்கிறது. ஆண்கள் மட்டும் ஆடியதைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த கோவை மாவட்டத்துப் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ராத்திரி வீட்டு வேலை முடித்து, கோயில் திடலில் கூடி, வாரக்கணக்கில் பழகி, ஒரு நாள் அரங்கேற்றம். ஆசிரியர் பாடப் பாட நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே அடவில் வட்டம் சுற்றுகிறார்கள், பார்க்க ஊர் கூடுகிறது, வந்தவர்களுக்குச் சாப்பாடும் நடக்கிறது. டிக்கெட் இல்லை, மேடை இல்லை, கேட்கிறவர்களும் ஆடுகிறவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். வாரக் கடைசியில் வெளியே கிளம்பிப் போய் இசையைக் கேட்கும் வழக்கம் நம் மக்களுக்கு வராது என்று சொல்கிறவர்களுக்கு இதுவே பதில். அந்த வட்டம் சில இடங்களில் ஒரே சாதியின் வட்டமாகச் சுருங்குவதையும் கண்டுகொள்ளாமல் இருக்கக்கூடாது. பிரியாணிக் கடையில் பக்கத்து நாற்காலிக்காரர் யாரென்று கேட்காத நாம் கும்மி வட்டத்தில் மட்டும் அதைக் கேட்கலாமா? பாட்டு வள்ளிக்கும் முருகனுக்கும் நடந்த கல்யாணத்தைப் பற்றியது. வேடர் குலத்துப் பெண்ணை மணந்த கதையைப் பாடும் வட்டத்துக்கு வேலி பொருந்தாது.

சாப்பாட்டின் பக்கம் அப்படியொரு வேலியில்லாத இடம் திண்டுக்கல்லிலேயே இருக்கிறது. முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழா ஒவ்வொரு ஆகஸ்டிலும் வருகிறது. நேர்ந்துகொண்டவர்கள் ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுக்க, எல்லாவற்றையும் சேர்த்துச் சமைத்து, விடிய விடிய அசைவ அன்னதானம். எந்த மதத்துக்காரர், எந்தத் தெருக்காரர் என்ற பேச்சு அங்கே எழுவதில்லை. வரிசையில் நின்றவர் சாப்பிடுகிறார், வீட்டுக்கும் வாங்கிப்போகிறார். காசு கொடுத்து உட்காரும் சமத்துவத்தைவிட இது ஒரு படி மேலானது என்று நினைக்கிறேன். இதே ஜனங்கள் இதே மனத்தோடு ஓர் இரவு முழுவதும் மேளம் கேட்டால் எப்படியிருக்கும் என்று ஆசைப்படுவது அதிகமா?

2024 ஆகஸ்ட் 24, 25 சனி ஞாயிறில் பழனியாண்டவர் கலை பண்பாட்டுக் கல்லூரித் திடலில் அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாடு நடந்தது. வெளிநாடுகளிலிருந்தும் வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்குக் குறையில்லை, கலை நிகழ்ச்சிகளுக்கும் குறையில்லை. அந்த இரண்டு நாளில் அவ்வளவு கூட்டத்தைப் பழனியில் சேர்க்க முடிந்தது என்றால், மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அடிவாரத்தில் ஒரு நல்ல நாதஸ்வரக் கச்சேரிக்கு இருநூறு பேரைச் சேர்க்க முடியாதா? தேவஸ்தானம் நாதஸ்வர, தவில் இசைப் பள்ளி நடத்துகிறது. படித்துவரும் பிள்ளைகளுக்கு எதிரே உட்கார ஆள் வேண்டும். கேட்க ஆளிருந்தால் நாதஸ்வரக்காரர் ராகத்தை விரிப்பார். ஆளில்லை என்றால் தெரிந்த சினிமாப் பாட்டோடு முடித்துக்கொண்டு அடுத்த முகூர்த்தத்துக்கு வண்டி ஏறுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் முன்னால் இருக்கும் முகங்களுக்குத்தான் வாசிக்கிறார்.

இந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தால் வேறொன்று வந்து நிரப்பும். வந்துகொண்டும் இருக்கிறது. கல்யாணத்துக்கும் கோயில் விழாவுக்கும் கேரளத்துச் செண்டை மேளத்தை அழைப்பது இப்போது மரியாதையாகிவிட்டது. செண்டைக் கலைஞர்கள்மீது எனக்கு வருத்தமில்லை, அவர்கள் ஊரில் பஞ்சவாத்தியத்தையும் பாண்டிமேளத்தையும் மணிக்கணக்கில் நின்று கேட்கும் கூட்டம் இருக்கிறது, அதனால்தான் அவர்களால் இங்கேயும் வந்து வாசிக்க முடிகிறது. நம் நையாண்டி மேளத்துக்கும் பம்பைக்கும் அப்படி ஒரு கூட்டத்தை நாம் கொடுக்கவில்லை. காலியான இன்னொரு பாதியை டிஜே பெட்டி எடுத்துக்கொண்டது. பெட்டிக்குப் பசிக்காது, கடைசிப் பந்தியில் உட்காரவைத்தாலும் அதற்குத் தெரியாது. மலிவாக முடிகிறது என்று நாம் நினைக்கும் அந்த ஏற்பாட்டில் ஒரு குடும்பத்தின் வருமானமும், அடுத்த தலைமுறைக்குப் போயிருக்க வேண்டிய ஒரு கைப்பழக்கமும் சேர்ந்தே போகின்றன.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்பது பெரிய காரியங்கள் இல்லை. சனிக்கிழமை பழனிக்கு வந்தால் மலையில் தங்கரதம் புறப்படும்போது முன்னால் போகும் மேளத்தை ஐந்து நிமிடம் நின்று கேளுங்கள். சபாவுக்குப் போனால் தனி முடியும்வரை எழுந்திருக்காதீர்கள். காபி ஆறிப்போகாது. பிரியாணிக்கு ஒரு குடும்பம் 1,000, 1,500 ரூபாய் கொடுக்கத் தயங்காதபோது, கச்சேரிக்கு டிக்கெட் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். உங்கள் வீட்டில் அடுத்து வரும் கல்யாணத்தில், தாலி கட்டி முடிந்ததும், மேளக்காரர்களை நீங்களே கூப்பிட்டு முதல் பந்தியில், சம்பந்திகளோடு உட்காரவையுங்கள். பேசிய தொகையைக் கேட்கவைக்காமல் அன்றைக்கே கையில் கொடுங்கள்.